புதுத் தொழில்களும் பொதுப் பணமும்

2025ஆம் வருஷம் மே மாதம் 6ந் தேதி, ஏதர் எனர்ஜி என்னும் மின்சார ஸ்கூட்டர்க் கம்பெனியின் பங்குகள் பம்பாயில் முதன்முதலாகப் பங்குச் சந்தைக்கு வந்தன. அதற்குச் சில தினங்களுக்கு முன் நடந்த பங்கு விற்பனையில், பங்கொன்றுக்கு ரூ.321 வீதம் ஏறக்குறைய ரூ.2,981 கோடி திரண்டது. பங்கின் விலை ஏறுமா, இறங்குமா என்று கணக்குப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். அது நமது வேலையன்று. நமது கவனத்தை இழுத்தது வேறொரு விஷயம். தங்கள் வசமிருந்த பங்குகளில் ஒரு பகுதியை அச்சமயம் விற்றவர்களின் ஜாபிதாவில், சிங்கப்பூர் முதலாளிகளுக்கும் அமெரிக்க முதலாளிகளுக்கும் நடுவே, சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த இரண்டு தொழில் அடைகாப்பகங்களின் பெயர்களும் காணப்பட்டன. சுமார் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன், பெரு முதல் ஏதுமில்லாத இரண்டு வாலிபர்கள் தொழில் தொடங்கியபோது அவர்களுக்கு இடங் கொடுத்தது அந்தக் கலாசாலை. பொதுஜனங்களின் பணத்தைக் கொண்டு நடைபெறும் ஒரு கலாசாலை, ஒரு புதுத் தொழிலைத் தோற்றுவித்து, அதன் வளர்ச்சியில் தனக்குரிய பங்கையும் திரும்பப் பெற்றது நம் தேசத்தில் அடிக்கடி நடக்கும் காரியமன்று. இது எவ்வாறு நேர்ந்தது, மறுபடியும் நேர என்ன செய்யவேண்டும் என்பவற்றை ஆராய்வது அவசியமென்று கருதுகிறோம்.

அடைகாப்பகம் என்ற பெயரைக் கேட்டு நகைப்பவர்கள் உண்டு. அப்பெயரின் பிறப்பும் நகைப்புக்கு இடமானதே. அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தைச் சேர்ந்த படேவியா என்னும் சிற்றூரில், உழவுக் கருவிகள் செய்துவந்த மாஸி-ஹாரிஸ் தொழிற்சாலை மூடப்பட்டது. ஊரில் பலர் வேலையிழந்தனர். ஜோஸப் மன்கூஸோ என்பவர் 1959ல் அந்தப் பெருங் கட்டடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சிறு தொழில் நடத்துவோருக்கு வாடகைக்கு விட்டார். வாடகை வாங்குவதோடு நில்லாமல், தொழிலை நடத்தும் முறையிலும் அவர்களுக்குத் துணை புரிந்தார். அங்கே குடி வந்தவர்களில் கோழித் தொழில் செய்த கம்பெனி ஒன்றும் இருந்தமையால், இது குஞ்சு பொரிக்கும் இடமென்ற பெயர் வேடிக்கையாய் எழுந்து, பின்னர் நிலைத்துவிட்டது என்பர். வேடிக்கையாய் வந்த பெயராயினும் பொருத்தமான பெயர். முட்டைக்கு வெளியிலிருந்து உயிரை ஊட்ட எவராலும் ஆகாது. உள்ளே இருக்கும் உயிர் வெளிவருவதற்கு வேண்டிய சூட்டையும் நாட்களையுமே தாய்க்கோழி தருகிறது. குஞ்சு வெளிவந்த பின்னும் அதை இறகுக்குள்ளேயே வைத்திருக்கும் கோழியை நாம் கண்டதில்லை.

காரியம் நமக்குப் புதிதன்று. சென்னை மாகாணத்தின் சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயரின் பெயர் நினைவிருக்கும். கிண்டி இஞ்சினீயரிங் கலாசாலையில் ஆசிரியராயிருந்த அவர், 1898ல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் பரீக்ஷையைத் தொடங்கினார். சர்க்கார் பணத்தில், சர்க்கார் பட்டறையில், நம் நாட்டுத் தொழிலாளிகளின் கையால் அத்தொழில் உருவாயிற்று. லாபந் தரத்தக்கதென்று தெளிவானதும், 1903ல் அதை ஒரு தனிக் கம்பெனிக்கு விற்றுவிட்டுச் சர்க்கார் விலகிக்கொண்டது. அடுத்தாற்போல் குரோம் முறையில் தோல் பதனிடும் தொழிலை அவர் கையிலெடுத்தார். கிணற்றில் நீரிறைக்கும் கவலைப் பைக்கும் அந்தத் தோல் பயன்பட்டது. ‘அடைகாப்பகம்’ என்ற சொல் பிறப்பதற்கு அறுபது வருஷங்களுக்கு முன்பே சென்னையில் அக்காரியம் நடந்தேறியது.

அதன் முடிவு என்ன? சர்க்கார் வியாபாரத்தில் இறங்கித் தனி முதலாளிகளோடு போட்டியிடுவது தகாதென்று இங்கிருந்த ஐரோப்பிய வர்த்தகர்கள் ஆட்சேபித்தனர். 1910ல் இந்தியா மந்திரியாயிருந்த மார்லி பிரபு அந்த ஆட்சேபத்தை ஏற்று, தொழிற் கல்வி கொடுப்பதோடு சர்க்கார் நின்றுகொள்ள வேண்டுமென்று உத்தரவு அனுப்பினார். சாட்டர்டன் 1912ல் மைசூர் சமஸ்தானத்துக்குப் போய்விட்டார். கைத்தொழில் வளர்ச்சியில் சர்க்காருக்குக் கடமையுண்டென்று 1918ல் இந்தியக் கைத்தொழில் கமிஷன் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. இடையில் போன வருஷங்கள் போனவையே. அடைகாக்கும் கோழியை நடுவில் எழுப்பிவிட்டால் முட்டை கூழாகிப்போகும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை.

சுதந்திர இந்தியாவில் இக்காரியம் மெல்லவே தலையெடுத்தது. 1986ல் திருச்சிப் பிராந்திய இஞ்சினீயரிங் கலாசாலையை ஒட்டி விஞ்ஞானத் தொழில்முனைவோர் பூங்கா ஒன்று ஏற்பட்டது; இத்தகைய ஸ்தாபனங்களில் அது தேசத்திலேயே முன்னோடியானவற்றுள் ஒன்று. 2010ல் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆராய்ச்சிப் பூங்கா தொடங்கியது. கம்பெனிகளின் ஆராய்ச்சிச் சாலைகளையும், கலாசாலை ஆசிரியர்களையும், மாணவர்கள் தொடங்கும் புதுத் தொழில்களையும் அருகருகே வைப்பது அதன் நோக்கம். அதை உருவாக்கியதில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் பிரயத்தனம் பெரிது.

ஏதரின் கதைக்கு வருவோம். தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் என்ற இருவரும் சென்னை ஐ.ஐ.டி.யில் 2012ல் பட்டம் பெற்றவர்கள். பெரிய மோட்டார்க் கம்பெனிகளில் கிடைத்த உத்தியோகத்தைச் சொற்ப காலத்திலேயே விட்டுவிட்டு, 2013ல் தாங்கள் படித்த கலாசாலைக்கே திரும்பி வந்து தொழிலைத் தொடங்கினர். முதலில் அவர்கள் எண்ணியது ஸ்கூட்டர் செய்வதன்று. அப்போது சந்தையிலிருந்த மின்சார வண்டிகளுக்கு நல்ல லித்தியம் பாட்டரி செய்து கொடுப்பதே. அக்காலத்து மின்சார வண்டிகளில் பல, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதவை. ஈயப் பாட்டரியைச் சுமந்துகொண்டு, மேட்டைக் கண்டால் மூச்சுத் திணறுபவை. அவற்றை ஆராய்ந்து பார்த்தபோது, பாட்டரியை மட்டும் மாற்றுவதில் பயனில்லை, வண்டியையே புதிதாய்ச் சமைக்க வேண்டுமென்பது அவர்களுக்குத் தெளிவாயிற்று.

இந்த இடத்தில் நேயர்கள் சற்று நின்று யோசிக்கவேண்டும். தொடங்கிய யோசனை தவறென்று கண்டு, அதைக் கைவிட்டு, பத்து மடங்கு கடினமான வேறொரு யோசனையை மேற்கொள்ள ஒருவனுக்கு எப்பொழுது முடியும்? வட்டிக்கு வாங்கிய கடனை வைத்துக்கொண்டு முடியாது. மாதந்தோறும் கணக்குக் கேட்கும் முதலாளியை வைத்துக்கொண்டும் முடியாது. தவறு செய்து பார்ப்பதற்கு அதிகச் செலவு பிடிக்காத இடமொன்று வேண்டும். அத்தகைய இடமே கலாசாலையின் அடைகாப்பகம். பட்டறை உண்டு, சந்தேகம் தீர்க்க ஆசிரியர் உண்டு, பக்கத்து அறையில் இதே போன்று தவிக்கும் வேறு வாலிபர்கள் உண்டு. 2014ல் மத்திய சர்க்காரின் தொழில்நுட்ப அபிவிருத்தி போர்டிலிருந்தும் ஐ.ஐ.டி.யிலிருந்தும் ரூ.45 லட்சம் விதை முதலாகக் கிடைத்தது. பின்னால் வந்த கோடிகளைப் பார்க்கையில் இது சிறு தொகை. ஆனால் வேறெவரும் ஒரு ரூபாய் போடத் துணியாத காலத்தில் வந்த தொகை. களத்தில் குவிந்த நெல்லுக்கு விலை சொல்ல நூறு வியாபாரிகள் வருவார்கள். விதை நெல் கேட்டுப் போகிறவனுக்கு வாசற்கதவைத் திறப்பவர் சிலரே.

பிறகு வந்த முதல் ஒவ்வொரு படியாக வந்தது. 2014 முடிவில் பிளிப்கார்ட் ஸ்தாபகர்கள் இருவர் 10 லட்சம் டாலர் போட்டனர். 2015ல் அமெரிக்காவின் டைகர் குளோபல் 1.2 கோடி டாலர் போட்டது. 2016 பிப்ரவரியில் மாதிரி வண்டியை ஜனங்களுக்குக் காட்டினார்கள். அவ்வருஷம் அக்டோபரில் ஹீரோ மோட்டோகார்ப் கம்பெனி ரூ.205 கோடியோடு வந்து சேர்ந்தது. வண்டி விற்பனைக்கு வந்ததோ 2018ல். ஆரம்பித்த நாளிலிருந்து முதல் வண்டி வெளிவர ஏறக்குறைய ஐந்து வருஷங்கள் சென்றன. யந்திரத் தொழிலின் இயல்பு அது. இன்று அடைகாப்பகங்களில் பல, புதிதாய் வருபவர்களுக்கு ஒன்றிரண்டு வருஷம் தவணை வைத்து, அதற்குள் கையிலே பொருளைக் காட்டென்கின்றன. கணக்கு எழுதும் கம்ப்யூட்டர் நிரல் செய்கிறவனுக்கும், இரும்பையும் மின்சாரத்தையும் கொண்டு வண்டி செய்கிறவனுக்கும் ஒரே தவணை வைப்பது, கீரைப் பாத்திக்கும் தென்னந்தோப்புக்கும் ஒரே நாளில் அறுவடை கேட்பதற்கு ஒப்பாகும்.

இனி, இவ்விஷயத்தில் எழும் ஆட்சேபங்களைக் கவனிப்போம். பொதுப் பணத்தைக் கொண்டு தனி மனிதரைச் செல்வராக்குவது நியாயமா என்பது முதல் ஆட்சேபம். நியாயமான கேள்வியே. பணம் இனாமாய்க் கொடுக்கப்பட்டு மறக்கப்படுமாயின் நாமும் ஆட்சேபிப்போம். ஆனால் அடைகாப்பகம் தான் செய்யும் உதவிக்கு ஈடாகக் கம்பெனியில் ஒரு சிறு பங்கைப் பெற்றுக்கொள்ளும் முறை இருக்கிறது. பத்துக் கம்பெனிகள் மடிந்து ஒன்று பிழைத்தாலும், பிழைத்த ஒன்றின் பங்கு மற்றவற்றின் நஷ்டத்தைத் தாங்கக்கூடும். மேலே சொன்ன ஜாபிதாவில் ஐ.ஐ.டி. அடைகாப்பகங்களின் பெயர் வந்ததன் தாத்பரியம் இதுவே. அந்தப் பணம் அடுத்து வரும் வாலிபர்களுக்கு விதையாகத் திரும்ப வேண்டும். கட்டடத்துக்கு வர்ணம் பூசவும், மகாநாடுகள் கூட்டவும் அது செலவாகுமாயின், விதை நெல்லைக் குத்தித் தின்ற குற்றம் நேரும்.

ஏதர் இன்னும் லாபம் காணாத கம்பெனியாயிற்றே என்பது இரண்டாவது ஆட்சேபம். இதுவும் பொய்யன்று. 2023-24ல் அதன் நஷ்டம் சுமார் ரூ.1,059 கோடி, 2024-25ல் சுமார் ரூ.812 கோடி. அந்த இரண்டாவது வருஷத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளை விற்றும் நஷ்டமே மிஞ்சியது. சர்க்கார் உதவித் தொகை எவ்வளவு நிலையற்றதென்பதையும் அக்கம்பெனியும் அதன் போட்டிக்காரர்களும் அனுபவத்தில் கண்டனர். மின்சார இருசக்கர வண்டிக்கு விலையில் நூற்றுக்கு 40 வரை கிடைத்துவந்த மத்திய சர்க்கார் உதவியின் உச்ச வரம்பு, 2023 ஜூன் முதல் நூற்றுக்கு 15 ஆகக் குறைந்தது. ஆகவே, பங்குச் சந்தைக்கு வந்துவிட்டதையே வெற்றியென்று கொண்டாடுவதில் நமக்குச் சம்மதமில்லை. குஞ்சு முட்டையை உடைத்து வெளியே வந்திருக்கிறது. பருந்துக்குத் தப்பித் தானே இரை தேட அது இன்னும் கற்கவேண்டும். ஆனால், புதுத் தொழில் நஷ்டப்படுகிறது என்பது அதைத் தொடங்கியிருக்கக் கூடாதென்பதற்குக் காரணமாகாது.

மூன்றாவது ஆட்சேபம் ஆழமானது. சுதேசியத்தில் பற்றுள்ளவர்கள் அவசியம் சிந்திக்க வேண்டியது. வண்டியின் சட்டம், பாட்டரித் தொகுதி, அதை ஆளும் நிரல் ஆகியவற்றை இந்த வாலிபர்கள் இந்நாட்டிலேயே வகுத்தார்கள் என்பது மெய். வெளிநாட்டு வண்டியைப் பெட்டியில் வரவழைத்துப் பூட்டி, நம் பெயரை ஒட்டி விற்கும் வேலையை அவர்கள் செய்யவில்லை. ஆனால் பாட்டரித் தொகுதிக்குள் இருக்கும் லித்தியம் செல்களுக்கு, 2025ல் பங்கு விற்பனை நடந்த காலத்திலும், அவர்கள் அந்நிய நாடுகளையே நம்பியிருந்தனர். அதே வருஷம் ஏப்ரலில், மோட்டார்களுக்கு வேண்டிய அபூர்வ மண்ணுலோகக் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தபோது, நம் தேசத்து மின்சார வண்டித் தொழில் முழுவதும் கலங்கிற்று. வண்டி சுதேசி, அதன் உயிர்நிலை விதேசி என்றால், சுதேசியம் பாதி வழியில் நிற்கிறதென்றே பொருள். செல் செய்வதும் காந்தம் செய்வதும் இரண்டு வாலிபர்கள் ஓர் அறையில் தொடங்கி முடிக்கக்கூடிய காரியங்களல்ல. பெருமுதலும், சுரங்கமும், ரசாயன ஆராய்ச்சியும் சேர வேண்டியவை. அடைகாப்பகத்தால் ஆகும் காரியம் எது, ஆகாத காரியம் எது என்று பிரித்தறியாமல், எல்லாவற்றையும் அதன் தலையில் சுமத்திவிட்டுச் சர்க்கார் ஓய்ந்திருக்கலாகாது.

தமிழ்நாட்டார் கவனிக்கவேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. சென்னையில் பிறந்த இக்கம்பெனி சில வருஷங்களுக்குள் பெங்களூருக்குப் பெயர்ந்தது. முதல் வண்டிகளும் அங்கேயே விற்பனைக்கு வந்தன. 2019ல் இரண்டாவது நகரமாகச் சென்னையில் விற்பனை தொடங்கியது. 2021ல் உற்பத்தி ஓசூருக்கு வந்தது. பங்கு விற்பனைக் காலத்தில் அத்தொழிற்சாலை வருஷத்துக்கு 4,20,000 வண்டிகள் செய்யும் சக்தியுடையதாயிருந்தது. அடுத்த தொழிற்சாலைக்கு மகாராஷ்டிரத்தைத் தேர்ந்தெடுத்திருப்பதாக 2024ல் செய்தி வெளியாயிற்று. ஒரே தேசத்தில் ஒரு தொழில் ஊர்விட்டு ஊர் போவதில் நாம் பொறாமை கொள்ளவில்லை. ஆனால் விதை முதல் இங்கே கிடைத்து, வளர்ச்சிக்கான முதலைத் தேடி வேறு ஊர் போக நேரிடுமாயின், நம் நகரத்துத் தனவந்தர்கள் தம்மைத் தாமே சில கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுமனையிலும் தங்கத்திலும் லட்சம் லட்சமாய்ப் போடுபவர்கள், பக்கத்துத் தெருப் பையன் செய்யும் யந்திரத்தில் ஆயிரம் போடவும் தயங்குவது ஏன்?

நம்மை இன்று அதிகமாய்க் கவலைப்படுத்துவது எண்ணிக்கை மோகம். 2016 ஜனவரியில் மத்திய சர்க்கார் ஸ்டார்ட்-அப் இயக்கத்தைத் தொடங்கிற்று. 2021ல் அடைகாப்பகங்கள் மூலமாக விதை முதல் வழங்க ரூ.945 கோடித் திட்டமொன்று வந்தது. அதன்படி ஒரு புதுத் தொழிலின் பரீக்ஷைக் கட்டத்துக்கு ரூ.20 லட்சம் வரை மானியம் கிடைக்க ஏற்பாடாயிற்று. இவை நல்ல காரியங்களே. ஆனால் பணமும் விருதும் வருமென்று தெரிந்ததும், பட்டறையில்லாத கலாசாலைகளிலும் அடைகாப்பகப் பலகை தொங்குகிறது. நான்கு நாற்காலி, ஒரு கண்ணாடி அறை, மாதத்துக்கு ஒரு பிரசங்கம். வருஷ முடிவில் இத்தனை ஸ்டார்ட்-அப் என்று ஓர் எண். சென்னை ஐ.ஐ.டி. 2024-25ஆம் ஒரே வருஷத்தில் 100க்கு மேற்பட்ட புதுத் தொழில்களைச் சேர்த்துக்கொண்டதாக அறிவித்தது. பட்டறையும் ஆசிரியரும் நிறைந்த அந்த ஸ்தாபனத்துக்கு அது தகும். அந்த எண்ணைக் கண்டு ஆசைப்பட்டு, இவை ஒன்றுமில்லாத இடங்களும் அதே எண்ணைத் துரத்துமாயின் கெடுவது யார்? இருபத்திரண்டு வயதில் நல்ல உத்தியோகத்தை உதறிவிட்டு, தகப்பனாரின் சேமிப்பையும் வாங்கிக்கொண்டு வரும் வாலிபன் கெடுவான். அவனது மூன்று வருஷங்களை எந்தச் சர்க்காரும் திருப்பித் தர முடியாது.

ஆகவே நாம் கேட்பவை இவை. பொதுப் பணம் பெறும் ஒவ்வோர் அடைகாப்பகமும் வருஷந்தோறும் ஒரு கணக்கை வெளியிட வேண்டும். அதில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பது முதல் வரியாக இருக்கட்டும். எத்தனை பேர் வெளியே போனார்கள், போனவர்களில் ஐந்து வருஷங் கழித்தும் நிலைத்திருப்பவர் எத்தனை பேர், எத்தனை பேருக்கு வேலை கொடுக்கிறார்கள், பங்கு விற்ற பணம் எங்கே போயிற்று என்பவை அடுத்த வரிகளாக வரவேண்டும். மடிந்துபோன தொழில்களையும் ஒளிக்காமல், மடிந்த காரணத்தையும் எழுத வேண்டும். பின்னால் வருகிறவனுக்கு அதுவே நல்ல பாடம். இரண்டாவதாக, யந்திரத் தொழிலுக்கு வேண்டிய பட்டறை, பரீக்ஷைச் சாலை ஆகியவை இல்லாத இடத்துக்கு அப்பெயரால் மானியம் கொடுக்கலாகாது. மூன்றாவதாக, தரமான புதுப் பொருளுக்குச் சர்க்கார் இலாகாக்களும் நகரசபைகளும் முதல் வாடிக்கைக்காரராக முன்வர வேண்டும். மானியத்தில் வாழும் தொழில் மானியம் நின்றதும் சாய்ந்துவிடும். நூறு பொருள் வாங்குவோர் கிடைத்த தொழில் ஆயிரம் பொருள் செய்யக் கற்றுக்கொள்ளும்.

தேசத் தொண்டில் ஈடுபட்ட நேயர்களுக்கும் இதில் வேலையுண்டு. உங்கள் ஜில்லாவில் உள்ள கலாசாலையில் அடைகாப்பகம் இருக்கிறதா, அங்கே ராத்திரி எட்டு மணிக்குப் பட்டறையில் விளக்கு எரிகிறதா, பலகை மட்டும் தொங்குகிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். சட்டசபையிலும் நகரசபையிலும் மேலே சொன்ன கணக்கைக் கேட்கச் செய்யுங்கள். 1910ல் நம் தொழில்களின் வளர்ச்சியைத் தடுத்த உத்தரவு லண்டனிலிருந்து வந்தது. எதிர்த்துக் கேட்க நமக்கு அதிகாரம் இருக்கவில்லை. இன்று பணமும் நம்முடையது, கலாசாலையும் நம்முடையது, வாலிபர்களும் நம்முடையவர்கள். கேட்கவேண்டியதைக் கேளாமல் இருந்து, பின்னர் பழி சொல்ல வேறு யாரையும் தேடுவதற்கு நமக்கு உரிமையில்லை.